அண்டக் கதைக்கு ஒரு வாழி

இரண்டு வருஷமாகப் பாட்டுக்குக் கூப்பிட வெற்றிலை பாக்கோடு யாரும் ஏறி வராத வீட்டுக்கு, ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் ரசலையன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். தாணம்மாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து ஆளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை, அனுப்புவதற்குப் பிள்ளையா இருக்கிறது என்று நினைத்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வாத்தியார் சொன்னதைக் கேட்டால் அழுகிறவனும் சிரித்துவிடுவான். தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை நாலு தாலுகாவும் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது அல்லவா, அதற்கு ஹைஸ்கூலில் ஒரு விழா. விழா என்றால் வில்லுப்பாட்டு வேண்டும். யார் கதையைப் பாடுவது என்பதில்தான் கமிட்டி உடைந்தது. அம்மன் கதை என்றார் ஒருவர். அதை வேதக்காரப் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து கேட்கும் என்றார் இன்னொருவர். அப்படியானால் இயேசு பிறந்த கதையைப் பாடட்டும் என்றார் மூன்றாமவர். எங்களை ஒரு ஆளாகவே மதிக்கவில்லையா என்று அய்யாவழிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஹெட்மாஸ்டர் சலித்துப்போய், யார் சாமியும் வராத கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்க, இருக்கிறது, அண்டம் உண்டான கதை என்று ரசலையன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். புரியாத விஷயத்தை எதிர்ப்பது எப்படி என்று தெரியாததால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் பாட ஆள் வேண்டுமே. பெயர்பெற்ற வில்லுப்பாட்டுப் புலவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்வந்திருந்தார். கதையில் சாவது யார் என்று ஒருவர் கேட்டாராம்; எல்லாரும்தான் என்று இவர் சொன்னாராம். சாமி எந்த இடத்தில் வந்து ஆடும் என்று இன்னொருவர் கேட்டாராம். ஆடாது என்றதும் கதவைச் சாத்திவிட்டாராம்.

தாணம்மாள் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அதுல கடைசியில வாழி உண்டா சாரே?”

ரசலையனுக்கு வாழி என்றால் என்னவென்று தெரியாது. கோயில் கொடைத் திருவிழா நடக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவும் விடாத வேதக்கார அப்பனுக்குப் பிறந்தவர் அவர். வில்லுப்பாட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதோடு சரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை, கடைசியில் வெளிச்சமெல்லாம் அணைந்து எங்கும் குளிர்ந்து இருண்டு போகும், அதோடு கதை தீர்ந்தது என்றார்.

“அப்ப நான் பாடுகேன்” என்றாள் தாணம்மாள்.

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லில் பாடுகிற கதை பெரும்பாலும் சாவில்தான் முடியும். வெட்டுப்பட்டவனும் தீப்பாய்ந்தவளும்தானே பிற்பாடு சாமியாகிறார்கள். ஆனால் கதை சாவில் முடியலாம், பாட்டு முடியக் கூடாது. கதை தீர்ந்ததும் புலவர் வாழி பாட வேண்டும். கேட்டவர் வாழி, கேட்க வைத்தவர் வாழி, ஊர் வாழி, பயிர் வாழி, பிள்ளைகள் வாழி என்று எல்லோரையும் வாழ்த்தி முடித்த பிறகுதான் சனம் பாயைச் சுருட்டும்.

தாணம்மாள் வாழி பாடினால் பட்ட மரமும் தளிர்க்கும் என்று ஊர் சொன்ன காலம் ஒன்று உண்டு. முந்தைய வருஷத்துக்கு முந்தைய பங்குனியில், வேற்றூர்க் கொடை ஒன்றில், ஊரார் பிள்ளைகளையெல்லாம் அவள் நூறு காலம் இருக்கச் சொல்லி மனசாரப் பாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே வீட்டில் நாத்தனார் மடியில் அவளுடைய முத்துக்கனி காய்ச்சலில் கண்ணை மூடினாள். ஒன்பது வயசு. ஒரே பிள்ளை. தாயும் தகப்பனும் வந்து சேர்ந்தபோது பிள்ளையின் உள்ளங்கையில் சூடு இல்லை.

அடுத்து ஏற்றிருந்த கொடை, பகவதியப்பன் முன்னின்று நடத்துகிற அம்மன் கோயிலில். வாக்கு கொடுத்துவிட்டோமே என்று போனாள். கதையை ஒரு சொல் குறையாமல் பாடினாள். வாழிக்கு வந்ததும் நாக்கு எழும்பவில்லை. வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனாள். வாழி பாடாமல் எழும்பினவள் என்ற பெயர் அவளுக்கு முன்னே ஊர் ஊராக நடந்து போயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை. சாவோடு விட்ட பாட்டு கேட்டவர் வீட்டுக்கு ஆகாது என்பதை அவளும் நம்பித்தான் வளர்ந்தாள்.

அவள் புருஷன் கோலப்பன்தான் குழுவில் குடம் அடிப்பவர். அவள் பாட்டுக்கு ஆமா போடுகிறவரும் அவர்தான். இப்போது தோவாளைச் சந்தையில் பூக்கூடை இறக்கிக்கொண்டிருந்தார். உடுக்கை அடிக்கும் குமாரதாஸ் கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டான். வில் பரண்மேல் கிடந்தது. பாடு என்று கோலப்பன் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சந்தைக்குக் கிளம்பும்போது தலையை உயர்த்திப் பரணை ஒரு பார்வை பார்ப்பார், பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வை அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒரே ஒரு வாழி பாடினால் போதும், விட்டுப்போன கொடையெல்லாம் திரும்பி வரும். அந்த ஒன்றுதான் அவளுக்கு வரமாட்டேன் என்றது. அப்படி இருந்தவளுக்கு வாழியே தேவையில்லாத ஒரு கதை கிடைத்தால், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலத்தானே.

சாயங்காலங்களில் ரசலையன் வந்து கதை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் பாட்டாக்கினாள். குமாரதாசும் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தான். வரும்போது வாத்தியார் கேட்டிருந்தபடி ரப்பர் ஷீட்டில் நீளமாக அறுத்த ஒரு நாடா கொண்டுவந்தான். கோலப்பன் சந்தையிலிருந்து கொண்டுவந்த பிச்சி மொட்டுகளை வாத்தியார் அந்த நாடாவில் இடம் விட்டு இடம் விட்டுக் கட்டினார். ஒரு முனையைக் குமாரதாஸ் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இவர் இழுத்தார். மொட்டுகள் அப்படியே இருந்தன. மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவே இடம் கூடிக்கொண்டே போயிற்று. நட்சத்திரக் கூட்டங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று விட்டுப் போகின்றன என்றார். எந்தப் பூவில் ஈ உட்கார்ந்திருந்தாலும் மற்றப் பூவெல்லாம் தன்னை விட்டுத்தான் ஓடுகிறது என்று அதற்குத் தோன்றுமாம். இழுத்ததைத் திருப்பி விட்டுக்கொண்டே போனால், ஆதியில் எல்லாம் ஒரு பொட்டுக்குள் கிடந்தது என்று ஆகிறதாம். அதை விளக்கும் உற்சாகத்தில் அவர் இன்னும் கொஞ்சம் இழுக்க, நாடா அறுந்து அவர் மூக்கிலேயே சுளீரென்று அடித்தது. அண்டம் உண்டானபோது இந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும் என்றான் குமாரதாஸ்.

இது நடந்து எத்தனை காலம் என்று கேட்டார் கோலப்பன். நாலைந்து வருஷத்துக்கு முன்வரை இருநூறு கோடி வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு அளந்து பார்த்ததில் இரட்டிக்கு மேலே போய்விட்டது, இன்னும் கூடலாம் என்றார் வாத்தியார். அதுமட்டுமில்லை, இன்னொரு கட்சியும் இருந்தது. இடைவெளி விழ விழப் புதிதாகப் பிறந்து நிரம்பிக்கொண்டே இருக்கும், ஆகவே தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது என்றது அந்தக் கட்சி. விரிந்ததெல்லாம் ஒருநாள் சுருங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பாரும் உண்டு. நம்ம கமிட்டி எவ்வளவோ தேவலை என்றார் கோலப்பன். இதில் எது நிஜம் என்று தாணம்மாள் கேட்டபோது, தெரியாது அக்கா என்றார் ரசலையன். தெரியாது என்பதை அவர் கூச்சமில்லாமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று முடிவில் அவள் இருட்டு முடிவையே எடுத்துக்கொண்டாள். குமாரதாஸ் தலையைச் சொறிந்தான். வாழி இல்லாமல் எப்படி என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருவகையில் நல்லதுதான், வாழி இருந்தால் மகாராஜாவை வாழ்த்துவதா முதல் மந்திரியை வாழ்த்துவதா என்று குழம்ப வேண்டியிருக்கும் என்று பேச்சை மாற்றிக்கொண்டான்.

ஒருநாள் கோலப்பனும் குமாரதாசும் வெளியே போன பிறகு, அவிந்துபோன நட்சத்திரத்தால் யாருக்கு என்ன என்று அவள் கேட்டாள். வாத்தியார் செருப்பை மாட்டப் போனவர் நின்றார். பெரிய நட்சத்திரம் சும்மா அவிவதில்லை, வெடித்துச் சிதறிப் போகும் என்றார். அதன் வயிற்றில் வெந்த இரும்பும் சுண்ணாம்பும் வெளியில் தூவிக் கிடக்கும். பிறகு எத்தனையோ காலம் கழித்து அந்தச் சாம்பல் கூடித்தான் இந்தப் பூமி ஆயிற்று என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். நம் ரத்தத்திலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள சுண்ணாம்பும் அப்படி வந்ததுதானாம்.

“பிள்ளையளுக்கு உள்ளதும் அதுதானா சாரே?”

“எல்லாருக்கும் அதுதான் அக்கா.”

அந்தப் பாகத்தை மட்டும் அவள் பாட்டில் சேர்க்கவில்லை.

விழா நடந்த அன்று மழை பெரிய மனசு பண்ணி ஒதுங்கிக்கொண்டது. பள்ளிக்கூட மைதானத்தில் நாலு திசையிலிருந்தும் சனம் வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் பகவதியப்பன், கையைக் கட்டிக்கொண்டு. பொழுது சாயத் தொடங்கும் நேரத்தில் தாணம்மாள் வில்லின் முன்னால் உட்கார்ந்தாள். கடவுள் வாழ்த்து கூடாது என்பது கமிட்டியின் உத்தரவு. எந்தச் சாமியையும் கூப்பிடாமல் நேராகக் கதைக்குள் போனாள்.

“இல்லையென்று சொல்ல ஒரு நாக்கும் இல்லாக் காலம்
இருட்டென்று சொல்ல ஒரு கண்ணும் இல்லாக் காலம்”

“ஆமா” என்றார் கோலப்பன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த ஆமா. அதைக் கேட்டதும் தாணம்மாளுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு பொட்டு விரிந்ததைப் பாடினாள். வீசுகோல் வில்லில் விழுந்து மணிகள் அத்தனையும் குலுங்கின. வெந்து கிடந்த வெளி ஆறியதையும், ஆறிய புகை திரண்டு திரண்டு வெள்ளி முளைத்ததையும் பாடினாள். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு நட்சத்திரம் என்றால் வெள்ளிதான். சூரியன் பிறந்தது, பூமி உருண்டது, கடலில் உயிர் துளிர்த்தது, அது கரையேறிக் காலூன்றிக் கடைசியில் கமிட்டி கூடிச் சண்டை போட்டது என்று அவள் பாடியபோது மைதானமே சிரித்தது. கமிட்டிக்காரர்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். பிறகு குரல் இறங்கியது. ஒவ்வொரு வெள்ளியாக அவியத் தொடங்கியது. கோலப்பனின் குடம் ஒவ்வொரு தட்டாகக் குறைந்தது. கடைசி வெள்ளியும் அவிந்ததும் குடம் ஒருமுறை விம்மி நின்றது. உடுக்கை நின்றது. வில்லும் நின்றது.

ரசலையன் கைதட்டினார். பிள்ளைகள் தட்டின. ஹெட்மாஸ்டர் எழுந்து நன்றி சொல்லி, விழா இனிது முடிந்தது என்று மைக்கில் அறிவித்தார். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவேளை கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை அறிவித்தார். அப்போதும் எழும்பவில்லை. பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்கள். வேதக்காரர்களும் இருந்தார்கள், ஊரே உட்கார்ந்திருக்கும்போது தனியாக எழுந்து போக யாருக்குக் கால் வரும்? ரசலையனுக்கு மட்டும் சந்தோஷம் பிடிபடவில்லை. மேடையோரம் ஓடிவந்து, பார்த்தீர்களா அக்கா, கதை அவ்வளவு பிடித்துவிட்டது, இன்னும் கேட்க வேண்டுமென்று இருக்கிறார்கள் என்றார்.

சனம் எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று தாணம்மாளுக்குத் தெரியும். கோலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாரதாஸ் உடுக்கையின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். பகவதியப்பன்தான் வாயைத் திறந்தார். அதில் கோபம் இல்லை.

“ஒரு மட்டம் வாழி கேக்காம எழும்பினேன் பிள்ளே. இனி மாட்டேன். விடிஞ்சாலும் செரி, இருக்கேன்.”

வாழி இல்லை என்றுதானே வந்தாள். சாமியே இல்லாத கதைக்குமா இவர்களுக்கு வாழி வேண்டும்? சூரியனே அவிந்து போன பிறகு எந்த ஊரை, எந்தப் பயிரை வாழ்த்துவது? இரண்டு வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்றை, மைக் முன்னால் இருப்பதையும் மறந்து சொல்லிவிட்டாள்.

“நான் பாடுன வாழி பலிக்காது. எனக்க பிள்ளைக்கே பலிக்கல்ல.”

ரசலையன் முகம் வெளுத்துப் போனது; பாவம், அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நடுவிலிருந்து ஒரு பெண் பேசினாள். யார் வீட்டுப் பெண்ணோ, தாணம்மாளுக்குத் தெரியாத முகம். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“பலிக்காட்டாப் போட்டும் அம்மா. நீங்க பாடுங்க. நாங்க கேட்டுட்டுப் போறோம்.”

தாணம்மாள் அந்தப் பெண்ணையே பார்த்தாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். வாழி என்றால் அம்மன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவாதம் என்று தாணம்மாள் ஒருத்திதான் நினைத்திருந்தாளா? இந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாப் பிள்ளையும் நூறு காலம் இருக்காது என்று. தெரிந்துதான் கேட்கிறாள். யாராவது ஒருவர் வாய்திறந்து, இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முத்துக்கனிக்கும் அன்றைக்கு அவள் அதைத்தான் சொன்னாள், தூரத்தில் இருந்துகொண்டு, தெரியாமல். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மறைக்கவில்லை.

அப்போது குடம் பேசியது. கோலப்பன் அவளைப் பார்க்காமலேயே, மெல்ல, விரல் நுனியால் வாழியின் தாளத்தைத் தட்டினார். இரண்டு வருஷமாகப் பரணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, தட்டிக்கொண்டே இருந்தார். தாணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, வீசுகோலை எடுத்தாள். கதையில் சேர்க்காமல் ஒளித்து வைத்திருந்த பாகம் தானாக வந்தது.

“அவிந்துபோன வெள்ளி வாழி – அது
அவித்துத் தந்த இரும்பு வாழி
எரியுமட்டும் சூரியன் வாழி – அதில்
இலைவிரிக்கும் பயிரும் வாழி
கேட்டிருந்த சபையும் வாழி – மடியில்
கிடந்துறங்கும் பிள்ளை வாழி”

ஒவ்வொரு வாழிக்கும் சனம் சேர்ந்து வாழி என்றது. வேதக்காரப் பிள்ளைகளும் சொன்னார்கள். அய்யாவழிக்காரர் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். தெரியாது தெரியாது என்று சொல்லிக் கதை தந்த வாத்தியார் வாழி என்று அவள் பாடியபோது ரசலையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரையும் வாழ்த்தி முடிந்தது என்று நினைத்த இடத்தில் அவள் இன்னொரு மூச்சு இழுத்தாள்.

“எங்க முத்துக்கனி வாழி.”

குடம் ஒரு தட்டுத் தவறியது. பிறகு பிடித்துக்கொண்டது. வாழி என்றது மைதானம்.

அதன் பிறகுதான் சனம் எழுந்தது. பாய் உதறுகிற சத்தமும் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தமுமாக மைதானம் நிறைந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். பகவதியப்பன் கமிட்டிக்காரர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்துவந்து வில்லின் முன்னால் வைத்தார்.

“மாசிக் கொடைக்கு வருவியா? எங்க அம்மனுக்கு ஒரு வாழி பாக்கி நிக்கி.”

“வருகேன்” என்றாள் தாணம்மாள். “ரெண்டாப் பாடித் தாரேன்.”

மழை கழுவிவிட்ட வானத்தில் வெள்ளிகள் முளைத்திருந்தன. குளத்தங்கரை வழியே வீட்டுக்கு நடந்தார்கள். கோலப்பன் தோளில் வில்லும் அவள் இடுப்பில் குடமும் இருந்தன. இதில் அவிந்து போனது எது என்று கோலப்பன் அண்ணாந்து பார்த்துக் கேட்டார். தெரியாது என்றாள். வாத்தியாரைப் போலவே அதைக் கூச்சமில்லாமல் சொல்ல அவளுக்கும் வந்தது. வீட்டுக்குள் வந்ததும் கோலப்பன் வழக்கப்படி வில்லைத் தூக்கிக்கொண்டு பரணுக்கு ஏணி எடுக்கப் போனார்.

“அங்க வேண்டாம். கீழயே கெடக்கட்டும்” என்றாள் தாணம்மாள்.